கூடத்துக்கு வந்த கட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகேஸ்வரன் மாடியிலிருந்த பழைய கட்டிலைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து கூடத்தில் பூட்டி முடித்தார். மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, தலைமாட்டில் முக்காலி வைத்து, அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரும் கூப்பிடுவதற்கு ஒரு சின்ன மணியும் வைத்தார். பூஜை மணியை எடுத்தால் தோஷம் என்று சாலைக் கடைத்தெருவில் புதிதாகவே ஒன்று வாங்கியிருந்தார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. படுக்க வேண்டிய அவர் மனைவி மட்டும் அடுக்களையில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆபரேஷன் இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான்.

"ஆஷா, அடுப்பை ஜானவி பாத்துப்பா. நீ வந்து படுத்துக்கோ."

"இப்பவே எதுக்குப் படுக்கணும்?"

"நன்னாக் கேட்டே. கால்ல இருக்கிற பலத்தை எல்லாம் இப்பவே செலவழிச்சுட்டா, ஆபரேஷனுக்கு என்ன மிஞ்சும்? சேத்து வெச்சுக்க வேண்டாமா?"

நாகேஸ்வரன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். உடம்பின் பலத்தையும் நிரந்தர வைப்பு போலப் போட்டுவைத்துத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வலியசாலையின் அந்தத் தெரு முழுக்க அப்படித்தான் நம்பியது. ஆஸ்பத்திரிக்குத் தேதி குறித்த அன்றே வீட்டில் ஒரு கட்டில் கூடத்துக்கு வந்துவிட வேண்டும், நோயாளி அதில் ஏறிவிட வேண்டும், தெரு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற மாதிரி இதுவும் ஒரு மரியாதை.

அந்தத் தெருவில் ஆஷா ஏற்கெனவே கொஞ்சம் ஒத்துவராத ஆள். கோயில் காரியம் பார்க்கிறவர்கள், தலைமைச் செயலகத்தில் ஃபைல் பார்க்கிறவர்கள், கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் என்று வீட்டுக்கு வீடு கௌரவமான உத்தியோகம் இருக்க, அவள் பரீட்சை எழுதி அரசு பஸ் கண்டக்டர் ஆனாள். உத்தரவு வந்த அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அவள் மட்டும் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டாள். அது நடந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது, பொன்முடி பஸ்ஸில் வேலை. வித்துரா தாண்டிக் கல்லாறு வந்ததும் மலை தொடங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயும்போது கம்பியைப் பிடிக்காமல் நின்றபடி டிக்கெட் கொடுப்பாள். அந்த நிற்பில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு.

போன மழைக்காலத்தில் கல்லாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலது கணுக்கால் மடங்கியது. முன்பே இரண்டு மூன்று முறை மடங்கிய கால்தான். இந்த முறை உள்ளே தசைநார் அறுந்தே போயிருந்தது. தைத்துத்தான் ஆக வேண்டும், அதன்பிறகு ஆறு வாரம் பிளாஸ்டர் என்றார் டாக்டர் ஷீஜா. அரசு ஆஸ்பத்திரியில் வரிசைப்படி இரண்டு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. கால் பழையபடி நிற்கும் என்று டாக்டர் சொன்னால்தான் ஆஷா பஸ்ஸில் ஏறலாம். இல்லையென்றால் டிப்போவில் ஒரு மேசை. அதற்கும் அடுத்த படி, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பது. நாகேஸ்வரனுக்கு அந்தக் கடைசிப் படிதான் பிடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

டாக்டரைப் பார்த்த அன்றே பிசியோதெரபி பிரிவில் ஆர்ஷா என்ற மலையாள இளம்பெண்ணிடம் அவளை அனுப்பியிருந்தார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளோடு பேசிப் பேசி அந்தப் பெண்ணுக்குப் பாதித் தமிழ் வந்திருந்தது.

"சேச்சி, ஒரு காரியம் சொல்லட்டே? பிளாஸ்டர் போட்டா கால் மெலியும். அது ஆருக்கும் மெலியும், நிறுத்த முடியாது. பக்ஷே, நல்ல பலமுள்ள கால் மெலிஞ்சா நிக்கறதுக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கும். முன்னாடியே தளர்ந்துபோன கால் மெலிஞ்சா, பிளாஸ்டர் எடுக்கும்போ ஒண்ணும் இருக்காது. நமக்கு ரெண்டு மாசம் கிட்டியிருக்கு. அதைச் சும்மா வீணாக்க வேண்டாம்."

"அறுந்த காலை வெச்சுண்டு என்ன பண்ண முடியும்?"

"கணுக்காலுக்கு நான் பெல்ட் போட்டுத் தாரேன். கணுக்காலை அசைக்க வேண்டாம். முட்டிக்கு மேல உள்ள தசைக்கு என்ன கேடு? கையை ஊனாம நாற்காலியிலிருந்து எழும்பணும், உட்காரணும். காலில் பாரம் கட்டித் தூக்கணும். நல்ல காலையும் விடக்கூடாது, அடுத்த ஆறு வாரம் அதுதானே சேச்சியைச் சுமக்கும். பின்னே, கைக்கும் பலம் வேணும், ஊன்றுகோல் பிடிக்கறது கைதானே. வலிச்சா நிறுத்திட்டு என்னை விளிக்கணும்."

ஆஷாவுக்கு அந்தப் பேச்சில் ஒன்று மட்டும் பளிச்சென்று பிடித்தது. ஆபரேஷன் வரை காத்திருக்கத்தான் முடியும் என்று நினைத்திருந்தவளுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

மறுநாளே பின்கட்டில், கிணற்றடிக்குப் பக்கத்தில், சாப்பாட்டு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டாள். துணிப்பையில் இரண்டு உளுத்தம்பருப்புப் பொட்டலங்களைப் போட்டுக் கெண்டைக்காலுக்கு மேலே கட்டிக்கொண்டாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள், உட்கார்ந்தாள். நாலாவது முறை தொடை நடுங்கியது. பதினைந்து வருஷம் பஸ்ஸில் நின்ற கால், காயம்பட்டு மூன்று மாதம் தாங்கித் தாங்கி நடந்ததில் இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஜானவி எட்டிப் பார்த்தாள். "அம்மா, இதென்னது, ஜிம்மா? சூப்பராயிட்டுண்டு."

"சிரிக்காம அந்தப் பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டு."

சிரித்தபடியே கட்டினாள். மறுநாளிலிருந்து, கல்லூரி பஸ் வருவதற்கு முன்னால் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு தரம் உட்கார்ந்து எழுந்தாள். அம்மாவைவிட முன்னதாக மூச்சு வாங்கியது அவளுக்குத்தான்.

இந்தக் கிணற்றடிக் காரியத்தை மிகக் கடுமையாக எதிர்த்தவர் நாகேஸ்வரனின் அக்கா பாகீரதி. கணவர் போன பிறகு தம்பி வீட்டோடு இருப்பவர். ஐம்பத்தாறு வயதுதான். ஆனால் வாக்கர் இல்லாமல் ஓர் அடி நகர மாட்டார். நாற்காலியிலிருந்து எழ வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் யாராவது தாங்க வேண்டும். ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏழு வருஷத்துக்கு முன்பு குதிகால் தசைநாரில் ஆபரேஷன் ஆனது, பிளாஸ்டர் போட்டார்கள், எடுத்தார்கள். அதன்பிறகு மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏற முடியவில்லை. வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். விதி என்றது குடும்பம். இப்போது கூடத்துக்கு வந்திருக்கும் கட்டில் அன்று அவருக்காக வாங்கியதுதான்.

"ஆஷா, சொன்னாக் கேளு. நேக்கு ஆபரேஷன்னு தெரிஞ்ச அன்னிக்கு இந்தக் கட்டில்ல ஏறினேனாக்கும். மூணு மாசம். ஒரு சொம்புத் தண்ணி நானா எடுத்துக் குடிச்சதில்லை. நாகு அப்படித் தாங்கினான். நீ என்னடான்னா நொண்டிக் கால்ல பருப்பு மூட்டை கட்டிண்டு கூத்தடிக்கறே."

ஆஷாவின் நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்தது. உங்களைப் பார்த்துத்தான் அக்கா எனக்குப் பயமே என்று. சொல்லவில்லை. நாற்காலியிலேயே தங்கிவிட்ட ஒரு மனுஷியிடம் அதைச் சொல்ல எப்படி மனம் வரும்? அவள் பையை அவிழ்த்து மற்றக் காலில் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தெரு பார்க்க வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக மூன்று மாமிகள். வாசலில் அவர்கள் குரல் கேட்டதும் நாகேஸ்வரன் பின்கட்டுக்கு ஓடினார்.

"ஆஷா, பத்து நிமிஷம். போர்வையை இழுத்து விட்டுண்டு சும்மாப் படு. அவா போனப்பறம் நீ என்ன வேணாப் பண்ணிக்கோ."

"படுத்துண்டு என்ன பண்ணணும், முனகணுமா?"

"முனக வேண்டாம். கண்ணை மூடிண்டாப் போறும்."

ஆஷா காலில் பையோடு கூடத்துக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வாங்கோ என்றாள். காபி கொடுக்கச் சொன்னாள். பேசிக்கொண்டே காலை நீட்டித் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தாள். மாமிகள் காலியான கட்டிலைப் பார்த்தார்கள், ஏறி இறங்கும் பருப்புப் பையைப் பார்த்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் சமாராதனை விருந்து நடப்பதைப் பார்த்தவர்கள் போல அவர்களுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று புரியவில்லை.

"அப்போ ஆபரேஷன் இல்லையா?" என்றார் ஒரு மாமி, சற்று ஏமாற்றத்தோடு.

சாயங்காலத்துக்குள் பேச்சு தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்தது. காலில் ஒன்றுமே இல்லையாம், சம்பளத்தோடு லீவு எடுக்க நாடகமாம். நாகேஸ்வரன் கோயிலிலிருந்து முகம் சிவந்து வந்தார்.

"தலை நிமிர்ந்து நடக்க முடியலை. நோக்கு என்ன குறை வெச்சேன்? ஊர்ல எவன் பொண்டாட்டிக்கு இப்படிப் பாக்கறான்? இந்தக் கால் சாக்கில அந்த வேலையை விட்டுடு. எழுதிக் குடுத்துடு. மலைப் பஸ்ஸும் வேண்டாம், பருப்பு மூட்டையும் வேண்டாம்."

கடைசியில் வந்தே விட்டது. ஆஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கோ கட்டில் போட்டது எதுக்குன்னு இப்பப் புரியறது. என் மேல பிரியம் இருக்கு, இல்லேங்கலை. ஆனா நான் நின்னாலும் உங்களுக்குச் சங்கடம், படுத்தாத்தான் நிம்மதி. நான் அந்தப் பஸ்ல மறுபடி ஏறத்தான் போறேன். நாளைக்கும் கிணத்தடிக்குப் போவேன்."

நாகேஸ்வரனுக்கு வலித்தது. அதில் பாதி நிஜம் என்பதால்தான் அவ்வளவு வலி. அன்று முதல் அவர் கிணற்றடிப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார். ஆஷா நிறுத்தவில்லை. இரண்டு பொட்டலம் நாலாயிற்று. அடுக்களை நிலைப்படியில் நல்ல காலால் ஏறி இறங்கினாள். சில நாள் உடம்பு அசந்து, அந்த வெள்ளை விரிப்பு வாவென்று கூப்பிட்டது. அப்போதெல்லாம் கல்லாற்று முதல் வளைவை நினைத்துக்கொள்வாள். ஒருநாள் அவளுடைய பஸ் டிரைவர் ஜெபசிங் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, உங்களுக்குப் பதிலா வந்த பையன் வளைவுக்கு வளைவு ஆளுங்க மடியில விழுறான். சீக்கிரம் வாங்க கேட்டேளா."

அன்று அவள் சிரித்துக்கொண்டே கூடுதலாகச் செய்தாள்.

ஆபரேஷன் நடந்தது. முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர் போட்டார்கள். முதல் சில நாள் வலியில் ஆஷா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள், அந்தக் கட்டிலிலேயே. பாகீரதி பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொடுத்தார். கோபமும் பரிவும் அவருக்கு ஒரே கையில்தான் இருந்தன.

"பாத்தியா? அவ்வளவு தூக்கினியே, வலி விட்டுதா?"

"வலிக்காதுன்னு யாரும் சொல்லலையே அக்கா."

வலி அடங்கியதும் ஆஷா ஊன்றுகோலில் எழுந்துவிட்டாள். கையில் வலு இருந்தது, ஒற்றைக் கால் அவளைத் தாங்கியது. குளிக்க, சாப்பிட, வாசல் வரை போக யாரையும் கூப்பிடவில்லை. ஆர்ஷா சொன்னபடி பிளாஸ்டர் காலை இடுப்பிலிருந்து தூக்கி இறக்கினாள். நாகேஸ்வரன் வாங்கிவந்த மணி அடிக்கப்படாமலே முக்காலியில் இருந்தது.

பிளாஸ்டர் எடுக்கும் நாள் வந்தது. பாகீரதிக்கும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியிருந்ததால் எல்லாரும் ஒரே டாக்ஸியில் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நாகேஸ்வரனும் ஜானவியும் பாகீரதியை இரண்டு பக்கமும் பிடித்து இறக்கி வாக்கரில் நிறுத்தினார்கள். ஆஷா தானே இறங்கி ஊன்றுகோலோடு நின்றாள். உள்ளேயிருந்து ஓர் ஊழியர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார். வந்தவர் ஆஷாவைத் தாண்டிப் போய் பாகீரதி முன்னால் நிறுத்தினார்.

"அம்மா, இதுல இரிக்கூ. பிளாஸ்டர் வெட்டற ரூம் கொஞ்சம் தூரமாக்கும்."

"பேஷன்ட் அவர் இல்லை," என்றார் நாகேஸ்வரன். "இவள்."

ஊழியர் திரும்பி ஆஷாவின் காலைப் பார்த்தார். அப்போதுதான் பிளாஸ்டரே அவர் கண்ணில் பட்டது.

"ஓ, இவங்களா? இவங்க நல்லா நிக்கறாங்களே." தவறாக எதுவும் சொல்லிவிட்ட நினைப்பே இல்லாமல் அவர் பாகீரதியைப் பார்த்தார். "எப்படியானாலும் அம்மா இரிக்கூ. அம்மாவுக்குத்தான் தேவை."

பாகீரதி உட்கார்ந்தார்.

பிளாஸ்டரை வெட்டி எடுத்ததும் ஆஷா குனிந்து பார்த்தாள். கால் மெலிந்துதான் இருந்தது. தோல் வறண்டு, கெண்டைச் சதை சுருங்கி, யாருடைய காலோ போலிருந்தது. இவ்வளவு செய்தும் இதுதானா என்று கண்ணில் நீர் முட்டியது.

"மெலியும்னு அன்னைக்கே பறஞ்சேனே," என்றாள் ஆர்ஷா. கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தாள். "போனது போகட்டும் சேச்சி. பாக்கி எவ்வளவு இருக்குன்னு பார்க்கலாம். கணுக்காலைத் தாங்கற இந்தப் பூட்ஸைப் போட்டுக்கிட்டு, கம்பியைப் பிடிச்சு எழும்புங்க. மெதுவா பாரம் கொடுங்க."

ஆஷா எழுந்தாள். கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி சுவர் வரை போய்த் திரும்பினாள். ஜானவி அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூலையில் சக்கர நாற்காலியில் இருந்த பாகீரதி ஆஷாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் புடவைக் கரையை இழுத்துத் தன் கணுக்கால்களை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது கிழக்கேகோட்டை நெரிசலில் டாக்ஸி நின்றது. பாகீரதி தம்பி பக்கம் திரும்பினார்.

"நாகு, என்னோட பிளாஸ்டரை எடுத்த அன்னிக்கு நான் நின்னேனா?"

"எங்கே அக்கா நின்னே? துணி மாதிரி சரிஞ்சுட்டே. நான்தான் தூக்கிண்டு வந்தேன்." அவர் குரலில் இப்போதும் அந்தப் பழைய பெருமை இருந்தது. "அப்பறமும் ஆறு மாசம் கீழே இறங்க விட்டேனா?"

சொல்லி முடித்ததும் அவர் காதிலேயே அது விழுந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆஷா கிணற்றடியில் இருந்தபோது தரையில் வாக்கர் தேயும் சத்தம் கேட்டது. பாகீரதி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது, யாரிடமோ சண்டைக்கு வந்தவர் போல.

"அந்தப் பொண்ணு ஆர்ஷாகிட்டக் கேளு. ஏழு வருஷம் கழிச்சு என்னை மாதிரிக் காலுக்கு ஏதாவது உண்டான்னு. கேலி பண்ணினா நான் வர மாட்டேன்னும் சொல்லிடு."

யாரும் கேலி செய்யவில்லை. ஆர்ஷா அவரை வரவழைத்துப் பரிசோதித்து, நாற்காலியின் மேல் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி அதிலிருந்து எழச் சொன்னாள். தலையணை ஒன்றாகக் குறைய ஒரு மாதம் ஆனது. கிணற்றடியில் இப்போது இரண்டு நாற்காலிகள் கிடந்தன. நாகேஸ்வரன் ஒருநாள் கூச்சத்தோடு வந்து நின்று, பருப்புப் பையை அக்கா காலில் எப்படிக் கட்டுவது என்று கேட்டார்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் ஷீஜா ஆஷாவை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், குதிகாலைத் தூக்கச் சொன்னார், படி ஏறி இறங்கச் சொன்னார். மலைப் பஸ்ஸுக்குப் போகலாம் என்றார்.

வேலைக்குத் திரும்பும் அன்று காலை ஆஷா சீருடை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நாகேஸ்வரன் முந்திக்கொண்டு அவள் தோள்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டினார்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் தூக்கிண்டு வரேன். முதல் நாள். நோக்கு எதுக்குச் சிரமம்?"

"நாகு," என்றார் பாகீரதி நாற்காலியில் இருந்தபடி. "பையை அவகிட்டக் குடு."

"இல்லை அக்கா, கால்..."

"குடுன்னு சொல்றேன்." வகுப்பில் பேசுகிற பழைய குரல் அது. "என் மேல உசிரையே வெச்சிருந்தே. தெரியும். ஆனா தாங்கறேன் தாங்கறேன்னு சொல்லி என் காலை என்கிட்டேர்ந்து வாங்கி வெச்சுண்டுட்டே. நானும் சுகமா இருக்கேன்னு குடுத்துட்டேன். ஒருத்தருக்குக் கட்டுப் போடப் போறான்னு முன்னாடியே தெரிஞ்சா, அவாளுக்குக் கட்டில் வாங்கக் கூடாது. கட்டைத் தாங்கறதுக்குப் பலம் வாங்கிக் குடுக்கணும். இது நேக்கு யாரும் சொல்லலை. இனிமே இந்தத் தெருவுல யார் வீட்டுக் கூடத்துக்குக் கட்டில் வந்தாலும், நான் போய்ச் சொல்லப் போறேன்."

நாகேஸ்வரன் பையைக் கழற்றி ஆஷாவிடம் நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆஷா அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அவளை வழியனுப்ப பாகீரதி எழப் பார்த்தார். தம்பி பழக்கதோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"தள்ளி நில்லுடா," என்றார் பாகீரதி. பாதங்களை ஊன்றி, முன்னால் சாய்ந்து, ஒருமுறை சறுக்கி மீண்டும் முயன்று, கையை எதிலும் ஊன்றாமல் எழுந்து நின்றார். "மத்தியானத்துக்குள்ள அந்தக் கட்டிலைக் கழட்டி மாடிக்கு ஏத்திடு. கூடத்துல நடக்க இடம் வேணும்."